என் மூத்தாள் ஓர் எருக்கஞ்செடி

எனக்குச் சக்களத்தி தேடி நானே ஸ்கூட்டியில் கிளம்பிப் போனேன் என்று சொன்னால், என்னிடம் ஊசி போட்டுக்கொள்ள வரும் பெண்கள் முதலில் என் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பார்கள். காய்ச்சல் எல்லாம் இல்லை. சந்தோஷம்தான். அந்த வயதில் அவ்வளவு சந்தோஷம் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லிவைக்கவில்லை. அதனால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. பல் துலக்கும்போது சிரித்தேன். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது சிரித்தேன். ஒரு குழந்தையின் தொடையில் ஊசி குத்திக்கொண்டே சிரித்ததற்கு அதன் தாய் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

நான் கிராம செவிலியர். கல்வராயன் மலைமேல் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை என் ஸ்கூட்டியில் வருவேன். அங்கே ஒரு டீக்கடை ஓரம் அதை நிறுத்திவிட்டு மலைக்குப் பேருந்து ஏறுவேன். அந்தப் பேருந்தின் கண்டக்டர்தான் மாப்பிள்ளை. ஊரே நர்ஸம்மாக்களைக் கூப்பிடுவது போல அவரும் என்னை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, “ஏங்க, சாப்ட்டீங்களா?” என்றார். பேருந்து ஒரு குலுக்குக் குலுங்கியது. அது சாலையில் இருந்த பள்ளம் என்று டிரைவர் இன்றுவரை சாதிக்கிறார். நான் நம்பவில்லை.

நாற்பதைத் தாண்டியும் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அவருக்கு இரண்டு முறை ஆகியிருந்தது. முதல் மனைவி பிரசவத்தில் போய்விட்டார், பிள்ளையும் தங்கவில்லை. பல வருஷம் கழித்துக் கட்டிக்கொண்ட இரண்டாவது மனைவியை மஞ்சள் காமாலை கொண்டுபோயிற்று. அந்த இரண்டு சாவுக்கும் தனித்தனிக் காரணம் எனக்குத் தெரியும். என் படிப்பும் வேலையும் அதுதான். ஆனால் அவருடைய அக்காவுக்கு இரண்டுக்கும் ஒரே காரணம்தான், தோஷம்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணவரை இழந்தவர். வடக்கனந்தலில் தம்பியோடுதான் இருந்தார். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். தம்பியின் இரண்டு மனைவிகளுக்கும் கடைசி வாய்க் கஞ்சியை ஊட்டியவரும் அவர்தான். அவரைக் கேட்காமல் தம்பி ஒரு சட்டைகூட எடுக்கமாட்டார், பெண்டாட்டி எங்கே எடுப்பது? என்னை அக்காவுக்குப் பிடித்திருந்தது. அதுதான் சிக்கலே. பிடித்துப்போனதால் என்னையும் சாகக் கொடுத்துவிடக் கூடாது என்று பயந்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார். மூன்றாவது தாலி எருக்கஞ்செடிக்கு, நான்காவது தாலி எனக்கு.

எங்கள் பக்கத்தில் இது கேள்விப்படாத சங்கதி இல்லை. மூன்றாம் தாரம் தங்காது என்று ஒரு பயம் உண்டு. அதனால் மாப்பிள்ளை முதலில் ஓர் எருக்கஞ்செடிக்கு மஞ்சள் கயிறு கட்டுவார். கட்டிய கையோடு செடியை வெட்டிச் சாய்த்துவிட்டுத் தலைமுழுகிவிட்டு வருவார். மூன்றாவது மனைவியும் போய்ச் சேர்ந்த கணக்கு. அடுத்து வருகிறவள் நான்காவது, அவளுக்கு ஒரு குறையும் வராது. அறிவியல் படித்தவள் நீ இதற்கு எப்படி ஒத்துக்கொண்டாய் என்று என்னோடு வேலை பார்க்கும் பெண் கேட்டாள். நான் இருந்த இருப்பில் செடி என்ன, டிரான்ஸ்பார்மருக்குத் தாலி கட்டச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்களுக்குக் குறித்திருந்தது ஆவணியின் கடைசி முகூர்த்தம். அதைத் தவறவிட்டால் புரட்டாசி, கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஒரு மாதம்தானே என்று மற்றவர்கள் நினைக்கலாம். என் வீட்டில் எனக்காகத் தள்ளிவைத்த பேச்சு எதுவும் திரும்பி வந்ததில்லை. பிள்ளை வீட்டுப் பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்று தள்ளிவைத்தார்கள், நிலத் தகராறு முடியட்டும் என்று தள்ளிவைத்தார்கள். தள்ளி வைத்தவர்கள் எல்லாம் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகளோடு என்னிடமே தடுப்பூசிக்கு வந்திருக்கிறார்கள். இதுவும் தள்ளிப்போனால் அக்காவின் பயம் மறுபடியும் தலைதூக்கும். பயந்த அக்காவை மீறி அவர் ஒன்றும் செய்யமாட்டார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

செடியை முன்கூட்டியே பார்த்துவைத்திருந்தார்கள். வடக்கனந்தல் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம், புறம்போக்கு இடத்தில், கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றது. அவர் தினமும் டியூட்டிக்குப் போகுமுன் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். எருக்குக்குத் தண்ணீர் ஊற்றிய ஒரே மனிதர் இந்த மாவட்டத்தில் அவராகத்தான் இருக்க முடியும். எனக்கு ஒரு பூவும் வாங்கிக் கொடுக்காத மனுஷன் அவளுக்குக் குடம் குடமாக ஊற்றுகிறாரே என்று நான் போனில் முறுக்கிக்கொண்டேன். “அது இன்னும் ரெண்டு வாரந்தாங்க. நீங்கதான் நெலையா இருக்கப் போறீங்க,” என்று சமாதானம் சொன்னார். சமாதானம் ஆகாதது போலக் காட்டிக்கொண்டு போனை வைத்தேன்.

பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் காலை எருக்குக்குத் தாலி, அதற்கு மறுநாள் எனக்குத் தாலி என்று ஏற்பாடு. சதுர்த்தி முடிந்து விடிந்தும் விடியாததுமாக அவரிடமிருந்து போன்.

“ஏங்க, பொண்ணு மொட்டையா நிக்குதுங்க.”

எனக்குப் புரியவில்லை. எந்தப் பெண், யார் மொட்டை அடித்தது என்று கேட்டேன்.

“நேத்து சாமிக்கு மாலை கட்டறதுக்கு அக்காதான் பறிச்சிருக்குது. வழக்கமா அந்தச் செடியிலதான் பறிக்கும். ஞாபகமே இல்லாம பறிச்சிக்கினு வந்து கட்டிடுச்சு.”

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வடக்கனந்தல் வீட்டு நடையில் மணைப்பலகைமேல் களிமண் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இரண்டு சுற்று எருக்கம்பூ மாலை. கல்யாணமே வேண்டாம் என்று குளக்கரையில் உட்கார்ந்துவிட்ட சாமி, என் சக்களத்தியை மொத்தமாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு தொந்தியும் தொப்பையுமாகத் திருப்தியாக இருந்தார். எதிரே அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாத இடம் என்று தெரிந்ததும் இன்னும் அதிகமாக வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றேன்.

“சிரிம்மா, சிரி. உனக்கு இன்னா,” என்றார் அக்கா. “பூவில்லாத செடி வயசுக்கு வராத பொண்ணு மாதிரி. அதுக்குப் போயி தாலி கட்டுவாங்களா?”

“அந்த மாலையக் கழட்டி செடிக்கே போட்டுட்டா?” என்று மெதுவாகக் கேட்டார் தம்பி.

“சாமி கழுத்துல கிடந்தத எடுத்து பொண்ணு கழுத்துல போடுவியா? புத்தி இருக்குதா உனக்கு?”

அவருக்குப் புத்தி இருந்ததோ இல்லையோ, என் சிரிப்பு அத்துடன் நின்றுவிட்டது. அக்கா அடுத்துச் சொன்னது அப்படி. “தை மாசம் பாத்துக்கலாம். சாமியே தடுக்கிறாப்பல இருக்குது.” புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மனசு ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, இனி எண்ணவேண்டாம் என்று நின்றுகொண்டது.

“அக்கா, எருக்கு என்ன ரோஜாவா? ஊர் பூரா கிடக்குது. நான் கூட்டிக்கினு போறேன், ஏறுங்க வண்டியில,” என்றேன்.

புதுப்பெண் அந்தப் பக்கம் வரவே கூடாது என்பது முறை. அதையும் அக்கா சொல்லிப் பார்த்தார். தம்பியின் பழைய டிவிஎஸ் இரண்டு பேரைத் தாங்காது, வேறு வண்டி ஓட்ட யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். உச்சிப்பொழுதுக்குள் தாலி கட்டி முடித்தாக வேண்டும் என்பதால் பேச நேரமும் இல்லை. பட்டுப் பாவாடை கட்டிய சிறுமியைப் போல அப்படி ஓர் உற்சாகம் எனக்கு மறுபடி வந்துவிட்டது. அக்கா என் பின்னால் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பைக்குள் மஞ்சள் கயிறு, வெற்றிலை பாக்கு, சதுர்த்திக்கு வாங்கிய பொரி, பழைய துண்டில் சுற்றிய அரிவாள். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் டிவிஎஸ்ஸில் பின்னாலேயே வந்தார்.

ஊர் பூரா கிடக்கிறது என்று நான் சொன்னது வாஸ்தவம்தான். செடி கிடந்தது, பூ இல்லை. சதுர்த்திக்கு முந்தின இரண்டு நாளில் மாலை கட்டுகிறவர்கள் சாக்கோடு வந்து சாலையோரத்தை வழித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் தடித்த சாம்பல் இலைகளும் காம்பில் காய்ந்த பாலும்தான். கரும்புத் தோட்டத்து ஓரம், செங்கல் சூளைக்குப் பின்னால், கோமுகி அணைக்குப் போகும் வழி எல்லாம் பார்த்தோம். வேறு எந்த நாளில் இந்தச் செடியை யாராவது திரும்பிப் பார்த்தார்களா? அன்றைக்கு ஒரு பூவுக்காகக் கழுத்து வலிக்க வலிக்க நாங்கள் மூன்று பேரும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனோம்.

அணைக்கரை தாண்டி ஒரு புதரில் வெள்ளையாகப் பூத்து நின்றது கண்ணில் பட்டது. நான் பிரேக் போடுவதற்குள் அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “வெள்ளெருக்கு. அது சாமியோடது. அத்தத் தொடாத.” அடுத்து ஒரு பாழுங்கிணற்றருகே ஊதா நிறத்தில் பூத்த செடி கிடைத்தது. நான் வெற்றிக்களிப்பில் ஹாரன் அடித்தேன். அக்கா இறங்கிப்போய் இலைகளை விலக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கிளிமூக்கு மாதிரி வளைந்த காய்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கின.

“காய் வச்சிருக்குது. இது ஏற்கெனவே எவனுக்கோ வாக்கப்பட்டது.”

“அக்கா, அதெல்லாம் கருவண்டு செய்யற வேலைக்கா,” என்றேன்.

“யாரு செஞ்சா இன்னா? செஞ்சது செஞ்சதுதான்.”

பின்னால் நின்ற மாப்பிள்ளை இருமுவது போலச் சிரித்தார். அக்கா திரும்பிப் பார்த்ததும் அது நிஜமான இருமலாகிவிட்டது.

மூன்றாவதாக ஒரு மரவள்ளிக் காட்டு வரப்பில் பூவோடு ஒன்று கிடைத்தது. காய் இல்லை, வெள்ளையும் இல்லை. நிலத்துக்காரர் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஆச்சரியமே படவில்லை. எத்தனையாவது என்று கேட்டார். மூன்றாவது என்றதும் என்னைப் பார்த்தார். “நான் நாலாவதுங்க,” என்று நானாகவே சொன்னேன். மனுஷன் பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

“என் வரப்புல நிக்கறதால எம் பொண்ணுதான். தாராளமா கட்டுங்க. ஆனா வெட்டறது மட்டும் ஆவாது. தாலி கட்டினத வெட்டினா அந்தத் தோஷம் எங்க தங்கும்? என் நெலத்துலதான?”

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். “அதுவும் நியாயந்தான்,” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். தோஷத்தை மதிக்கிறவர்களுக்குள் ஒரு மரியாதை இருக்கிறது, அதில் நான் தலையிடவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா பின்னால் உட்கார்ந்துகொண்டு தை மாதத்தைப் பற்றி மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு மலைச்சாலை நினைவுக்கு வந்தது. பேருந்து மலை ஏறத் தொடங்கியதும் முதல் வளைவில், கைப்பிடிச் சுவர் முடியும் இடத்தில், ஓர் எருக்கு நிற்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர் அந்த வழியில் தினமும் போகிறவர்தான், அவருக்குத் தெரியவில்லை. அவர் வெளியே பார்த்ததே இல்லை, உள்ளே நான் உட்கார்ந்திருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு வருவார். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. மாலைக்குப் பறிக்கிறவர்கள் மலை ஏறமாட்டார்கள் என்பதை மட்டும் சொன்னேன்.

நின்றது. வளைவு திரும்பியதும் செடி தெரிந்தது. சுவரைத் தாண்டி, அவருக்கும் மேலே ஒரு முழம் எழும்பி, நுனிக்கு நுனி பூவோடு நின்றது. மெழுகில் செய்து வைத்த மாதிரி கெட்டியான இதழ்கள், ஓரத்தில் ஊதா, நடுவில் குட்டிக் கிரீடம். மொட்டுகளை அழுத்தினால் டப்பென்று வெடிக்கும், நான் ஒன்றை வெடித்தும் பார்த்தேன், அக்கா கையில் தட்டினார். செடி முழுக்கக் கருவண்டுகள். கட்டைவிரல் பருமனில், நீலம் மின்னும் இறக்கையோடு, ஒவ்வொரு பூவிலும் தலையை நுழைத்து ஊதிக்கொண்டிருந்தன. மஞ்சளும் கறுப்பும் கலந்த பட்டாம்பூச்சிகள் வேறு. என் மார்பிலும் ஏதோ ஒன்று அதேபோல ஊதிக்கொண்டிருந்தது.

அக்கா பெண் பார்க்க வந்தவர் போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நிறம் பார்த்தார். இலையைத் தூக்கிக் காய் இருக்கிறதா என்று பார்த்தார். குறை கண்டுபிடிக்காவிட்டால் பெண் பார்த்ததாக ஆகாதே.

“ஒசரம் ஜாஸ்தி,” என்றார்.

“பரவால்லக்கா,” என்றார் மாப்பிள்ளை. சொன்ன வேகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்துவிட்டது. வேட்டியை இறக்கிவிட்டார், தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். நெற்றியில் விபூதி, கையில் மஞ்சள் கயிறு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட இப்படிக் கூச்சப்படவில்லை.

“பால் கண்ணுல பட்டா கண்ணு போயிடும், காம்ப ஒடிக்காம கட்டுங்க,” என்று நான் நர்ஸாக ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

“எனக்குத்தான் சொல்றீங்களா, அதுக்குச் சொல்றீங்களா?”

“ரெண்டு பேருக்கும்.”

அவர் தண்டில் கயிற்றைச் சுற்றி முதல் முடிச்சுப் போட்ட நேரம், ஒரு கருவண்டு பூவை விட்டு இவர் காதைச் சுற்ற ஆரம்பித்தது. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார், அது மறுபக்கம் வந்தது. பெண் வீட்டார் ஒப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றேன். அதே நேரத்தில் கீழிருந்து பேருந்து ஒன்று முனகிக்கொண்டு ஏறி வந்தது. அவருடைய பேருந்துதான். அன்றைக்கு இவருக்குப் பதில் வேறு கண்டக்டர். பள்ளத்துக்குச் சாட்சி சொல்லும் அதே டிரைவர் எங்களைப் பார்த்ததும் வளைவை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டார். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். பாதிப் பேருக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன்.

“சிஸ்டர், நீங்க இன்னா இங்க நின்னுக்கினு இருக்கீங்க?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“எங்க வூட்டுக் கல்யாணம்மா,” என்றேன்.

“கெட்டி மேளம் இல்லாம இன்னாய்யா கல்யாணம்,” என்று சொல்லிவிட்டு டிரைவர் ஹாரனை அழுத்தினார். மலை முழுக்க எதிரொலித்தது. அந்தச் சத்தத்தில்தான் இரண்டாவது முடிச்சும் மூன்றாவது முடிச்சும் விழுந்தன. நாத்தனார் முடிச்சு என்று அக்காவும் கைவைத்தார். பேருந்திலிருந்து யாரோ கைநிறையப் பொரியை அள்ளி வீசினார்கள், முந்தின நாள் சதுர்த்திப் பொரி அன்று எல்லார் பையிலும் இருந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் வீசினார்கள். செடியின் மேலே, அவர் தலையிலே, அக்காவின் கொண்டையிலே எல்லாம் பொரி. எனக்குக் கண்ணில் நீர் வழியும் அளவுக்குச் சிரிப்பு. சுவரில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அக்காவும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

பேருந்து போய்விட்டது. சத்தம் அடங்கியதும் வண்டுகளின் ஊதல் மட்டும் கேட்டது. அக்கா பையிலிருந்து துண்டைப் பிரித்து அரிவாளை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தார்.

“அடியில ஒரே வெட்டு. திரும்பிப் பாக்காம போயி ஓடையில தலமுழுகு.”

அவர் வாங்கிக்கொண்டார். குனிந்து அடித்தண்டைப் பார்த்தார். தான் கட்டிய மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இறங்கியது.

“என்னால ஆவாதுக்கா.”

“டேய், செடிடா அது.”

“தெரியுது. ஆனா தாலி கட்டிட்டனே. ரெண்டு பேர இந்தக் கையாலதான் தூக்கிக்கினு போயி வச்சிட்டு வந்தேன். கட்டின கையாலயே இன்னொண்ணயும் முடிக்கச் சொல்றியா?”

குரல் உடையவில்லை, அழவில்லை. டிக்கெட் விலை சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். அரிவாளைச் சுவர்மேல் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷனை யார் தடுத்தாலும் நான் கட்டிக்கொள்வேன் என்று அந்த இடத்தில் தோன்றியது. ஆனால் தடுக்கக்கூடியவர் பக்கத்திலேயே நின்றார்.

“வெட்டலன்னா நாளைக்கு ஒண்ணும் கிடையாது,” என்றார் அக்கா என்னிடம். முகம் வெளிறியிருந்தது. “இது சாவலன்னா நீதான் மூணாவது. எனக்குத் திரும்பவும் கஞ்சி ஊட்டத் தெம்பில்லம்மா.”

சரி, அவரால் முடியாவிட்டால் நான் வெட்டுகிறேன் என்று அரிவாளை எடுத்தேன். முறைக்கு அது ஒத்துவருமா என்று அக்காவும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. என் கல்யாணம் எனக்கு வேண்டும், அவ்வளவுதான். குனிந்து, இடைஞ்சலாக இருந்த ஒரு பெரிய இலையைத் தூக்கினேன். இலைக்கு அடியில் பச்சைக் கல் பதித்த ஜிமிக்கி போல ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றி வரிசையாகப் பொன் புள்ளிகள். அடுத்த இலையில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட புழு ஒன்று ஓரத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது.

“அக்கா, இங்க வாங்க,” என்றேன்.

“இன்னாது?”

“உள்ள பட்டாம்பூச்சி இருக்குது. இன்னும் பொறக்கல.”

அக்கா முழங்காலில் கைவைத்துக் குனிந்து பார்த்தார். நான் இலையைப் பிடித்துக்கொண்டேயிருந்தேன். அந்தப் பச்சைக் கூட்டின் தோல் வழியாக இறக்கையின் மடிப்பு லேசாகத் தெரிந்தது. அக்கா விரலை அருகே கொண்டுபோனார், தொடவில்லை. தம்பியின் முதல் மனைவி போனபோது அவருக்கு நிறைமாதம் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த இடங்கள் கம்மி, இது அதில் ஒன்று.

“வயித்துல இருக்கறப்ப எப்படிம்மா வெட்டறது,” என்றார் கடைசியில். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. என் கையிலிருந்த அரிவாளை வாங்கித் துண்டில் சுற்றினார். பையில் வைத்தார். பிறகு செடியைப் பார்த்து, “இருந்து தொல,” என்றார்.

நான் மெல்ல ஆரம்பித்தேன். “அக்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா? எருக்க வெட்டினாலும் மழை பேஞ்சா திரும்பத் தழைச்சிக்கும். அத்த யாராலயும் சாவடிக்க முடியாது. மூணாவது நல்லா இருந்துட்டா, நாலாவதுக்கு மட்டும் இன்னா வரப்போவுது?”

அக்கா பையைத் தோளில் மாட்டினார். வெயில் ஏறுது, கிளம்பலாம் என்று மட்டும் சொன்னார். மறுநாள் கல்யாணம் உண்டா இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. செடி சாகாததால் மாப்பிள்ளை தலைமுழுகவும் வேண்டியிருக்கவில்லை. தலையில் பொரியோடு அப்படியே டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பினார். நாங்கள் முன்னால், அவர் பின்னால். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். நான் தோளைக் குலுக்கினேன், தெரியவில்லை என்பதற்கு.

காலையில் பையை மடியில் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்து வந்தவர் அக்கா. அணைக்கரை மேட்டில் வண்டி குலுங்கியபோது என் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டுக்கொண்டார். மேடு தாண்டியும் கையை எடுக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசினார்.

“அவளுங்க ரெண்டு பேரும் எங்கிட்ட சொல்லலம்மா. முதலாவளுக்குக் காலு வீங்கிக்கினே இருந்துச்சு, பொடவையால மூடிக்கினா. ரெண்டாவளுக்குக் கண்ணு மஞ்சளானது எனக்குக் கடைசியிலதான் தெரிஞ்சுது. நான் கஷ்டப்படுவேன்னு சொல்லலயாம்.” என் இடுப்பில் இருந்த கை இறுகியது. “நீ சொல்லிடணும். தலவலின்னாகூட மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும். ஒளிக்கக் கூடாது.”

அதுவரைக்கும் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், புருஷனின் அக்காவைக் கூப்பிடும் முறையில், “சொல்றேங்க அண்ணி,” என்றேன்.

அண்ணி மறுப்புச் சொல்லவில்லை. சாலை எனக்குச் சரியாகத் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன்.

“இன்னாச்சு?”

“நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதுங்க அண்ணி. ஒளிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதான்.”

அவர் பதறிப்போய் இறங்கி, என் எதிரே வந்து, ரவிக்கைக்கு மேலே நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். நிஜமாகவே அடித்துக்கொண்டுதான் இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வலித்தது. அதையும் அவரிடமே சொன்னேன்.